குழல் பார்க்கும் திசை

படம் மேசைக்கு வந்ததும் டாங்கி அக்கா முதலில் செய்வது அதைத் திருப்பி வைப்பதுதான். பீரங்கிக் குழல் ஆட்கள் பக்கம் பார்க்கக் கூடாது, சுவரைப் பார்க்க வேண்டும். அதுவரை நாற்காலியில் உட்கார மாட்டார். வெறும் காகிதம்தானே என்று கணவர் சீண்டினால், “காயிதமோ என்னவோ, நம்மளையே பாக்குதில்ல?” என்பார்.

வாரத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். ஊரார் எலும்பைப் பார்த்துப் பழகிய கண், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பழைய டாங்கிப் படங்களுக்கு வந்துவிடும். பரணைக் காலி செய்கிறவர்கள், அருங்காட்சியகத்துக்காரர்கள் என்று யாராவது அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். சக்கரங்களை எண்ணுவார், மேல்மூடியின் கீலைப் பார்ப்பார், எந்த நாட்டு வண்டி, எந்த வருஷத்தது என்று சொல்லிவிடுவார். மற்ற வீட்டில் பெண்கள் நகைப் படம் பார்க்கிறார்கள் என்று கணவர் அலுத்துக்கொள்வதெல்லாம் காதில் ஏறாது.

அவரிடம் ஓர் அட்டை உண்டு. நடுவே தபால்தலை அளவுக்கு ஓட்டை. படத்தில் நிற்கும் ஆட்களை அட்டையால் மறைத்துவிட்டு, ஓட்டை வழியாக இரும்பை மட்டும் பார்ப்பார். “மொகத்தப் பாத்துட்டா போச்சு. இவன் வீடு வந்து சேந்தானான்னு மனசு அலைய ஆரம்பிச்சுரும்.”

போன ஞாயிறு ஓர் ஆசிரியை தன் தாய்மாமாவோடு வந்தார். ஆசிரியைக்கு மூன்று வயதாகும்போது, போர்முனைக்குப் படம் எடுக்கப் போன தகப்பனார் திரும்பவில்லை. அவருடைய கேமராவை மட்டும் மாமா கொண்டுவந்து கொடுத்தார். மாமாவும் அதே போரில் டாங்கிப் படையில் இருந்தவர். ரோட்டோரம் கிடந்தது, உள்ளே இருக்கும் சுருள் வெளிச்சம் பட்டு வீணாகிவிட்டது என்று சொன்னார். அதன்பின் கல்யாணமே செய்துகொள்ளாமல் அக்காள் மகளை வளர்த்து ஆளாக்கினார். ஐம்பது வருஷம் கழித்து, மாமாவிடம் சொல்லாமல் ஆசிரியை அந்தச் சுருளைக் கழுவக் கொடுத்தார். சுருளின் கடைசிப் படம் ஒன்றுதான் தேறியது, அதில் ஒரு டாங்கி.

“அப்பாவக் கொன்னது எவங்க வண்டின்னு தெரிஞ்சாப் போதுங்க.”

ஒப்பிட்டுப் பார்க்க உதவுமே என்று, மாமா இளவயதில் தன் டாங்கியோடு எடுத்துக்கொண்ட படத்தையும் ஆசிரியை மேசையில் வைத்தார். தேறிய படம் உறையிலிருந்து வெளியே வந்ததும் மாமா நாற்காலியை ஓரமாக நகர்த்திக்கொண்டார். தன்னைத் தவிர வேறு யாரும் படத்திலுள்ள குழலுக்கு ஒதுங்கி அக்கா பார்த்ததில்லை.

அந்தப் படத்தை அக்கா இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். குழல் சுவர் பக்கம் போகவே இல்லை. நேர் எதிரே, இருபதடி தூரத்தில் நின்று எடுத்த படம். எப்படி வைத்தாலும் நடுவிலிருந்த கறுப்பு வட்டம் அவரையே பார்த்தது. உட்காராமலே அட்டையை வைத்தார். ஓட்டைக்குள் இடப்பக்க விளக்கு தெரிந்தது. அதன் கம்பிக்கூண்டு நசுங்கி, மூன்றாவது கம்பி இல்லாமல் இருந்தது.

அட்டையை மாமாவின் படத்துக்கு மாற்றினார். அதே நசுங்கல், அதே இடத்தில் கம்பி இல்லை.

அக்கா அட்டையை எடுத்துவிட்டு முகத்தைப் பார்த்தார். விளக்கின்மேல் கைபோட்டு ஓர் இளைஞன் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவங்களுதுங்க?” என்றார் ஆசிரியை.

“அதுல ஒண்ணும் தெரியாதும்மா. வெளிச்சம் பட்ட படம்,” என்றார் மாமா, தலை நிமிராமல்.

“நல்லாத் தெரியுதுங்க ஐயா,” என்றார் அக்கா.

பிறகு குழலின் வாயை உள்ளங்கையால் மூடியபடியே தேறிய படத்தை நகர்த்தி, கிழவருக்கு நேராக வைத்துவிட்டு, கையை எடுத்தார்.