அண்ணன் கேட்ட எட்டு நாள்

அண்ணா, நீ இருந்தபோது இதை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் மற்றவர்களுக்காகச் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

என் அண்ணன் பொம்மனஹள்ளியில் ஒரு ஃபேன் கம்பெனியில் வேலை செய்தார். வீட்டு ஃபேன் இல்லை. ஆலைகளில் புகையையும் சூட்டையும் இழுத்து வெளியே தள்ளுகிற, ஆள் உயர ஃபேன். எதையும் முன்கூட்டியே செய்து வைக்க மாட்டார்கள். ஆர்டர் வந்த பிறகுதான் அந்த ஆலைக்கு ஏற்ற அளவில் தகடு வெட்டுவார்கள். உள்ளே சுழலும் சக்கரம் ஒரு பக்கம் கனத்தால் ஃபேன் மொத்தமும் உதறும். அதனால் ஒவ்வொரு சக்கரத்தையும் மெஷினில் ஏற்றிச் சுற்றவிட்டு, எந்தப் பக்கம் கனம் குறைகிறது என்று பார்த்து, அங்கே சின்ன இரும்புத் துண்டு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பேலன்சிங் என்பார்கள். அந்த மெஷின் ஒன்றுதான் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவரும் அண்ணன் ஒருவர்தான்.

நான் எட்டாவதோடு நின்றுவிட்டவள். ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் டைப்பிங் கற்றுக்கொண்டேன். அண்ணன்தான் மேனேஜரிடம் கேட்டு சேல்ஸ் டெஸ்க்கில் சேர்த்துவிட்டார்.

அப்போதெல்லாம் ஏதாவது ஆலை விசாரித்தால், மேனேஜர் வரைபடத்தை எடுத்துக்கொண்டு கீழே ஷெட்டுக்குப் போவார். அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பார்ப்பார். விரலைக் காட்டுவார். நாலு விரல் என்றால் நாலு வாரம். மேனேஜர் மேலே வந்து போனில் அதையே சொல்லுவார். ஆர்டர் கன்ஃபர்ம் ஆவது அவ்வளவுதான்.

பிறகு சாஃப்ட்வேர் வந்தது. ஆர்டர், ஸ்டோர், மெஷின், ஆள், லீவு எல்லாம் ஒன்றுக்குள். நான் ஆர்டரை அடித்து பட்டனைத் தட்டினால், தகடு இருக்கிறதா, எந்த மெஷின் எந்த நாளில் காலி என்று அதுவே பார்க்கும். ஆலை கேட்ட தேதிக்கு முடியுமென்றால் வரி பச்சையாகும். முடியாதென்றால் சிவப்பு. பச்சையானால் கன்ஃபர்ம் கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் ஆலைக்குக் கடிதம் போய்விடும், ஷெட்டுக்கு வேலைத்தாள் இறங்கிவிடும். அதற்குமேல் மாற்ற முதலாளியின் பாஸ்வேர்டு வேண்டும்.

அதை வைக்க வந்தவர்கள் டை கட்டிக்கொண்டு, ஸ்டாப்வாட்சோடு ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் நின்றார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று சாஃப்ட்வேருக்குச் சொல்ல வேண்டுமாம். அன்றைக்கு அண்ணனுக்கு என்ன தோன்றியதோ, எப்போதும் ஒன்றரை மணி நேரம் பிடிக்கிற சக்கரத்தை நாற்பது நிமிடத்தில் முடித்தார். ஷெட்டே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது கேட்டேன்.

“இன்னாத்துக்குண்ணா அவ்ளோ வேகம்? டெய்லி அப்டி பண்ண முடியுமா?”

“நேத்து காலேஜ் முடிச்ச பையன், கடியாரத்த வச்சிக்கினு என்னைய அளக்குறான். காட்ட வேணாவா?”

“நாப்பதுன்னு எழுதிக்கினு போய்ட்டாங்க.”

“எழுதட்டும் வுடு பாப்பா. கம்ப்யூட்டருக்கு இன்னா, கை வலிக்கவா போவுது?”

அந்த நாற்பதை சாஃப்ட்வேரில் அடித்தது நான். சிரித்துக்கொண்டேதான் அடித்தேன்.

அதற்கப்புறம் யாரும் ஷெட்டுக்குப் போய் விரல் எண்ணவில்லை. ஒவ்வொரு தேதியையும் அந்த நாற்பதுதான் முடிவு செய்தது. தினமும் வேலைத்தாள் இறங்கிக்கொண்டே இருந்தது. சங்கிலியில் கட்டித் தூக்க வேண்டிய சக்கரத்தை, அதற்குக் காத்திருக்க நேரமில்லாமல், அண்ணன் கையாலேயே தூக்கி ஏற்ற ஆரம்பித்தார். ஒரு வருஷத்துக்குள் அடிவயிற்றில் வீக்கம் வந்தது. குடலிறக்கம், சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொள், அதுவரை கனம் தூக்காதே என்றார் டாக்டர். அண்ணன் எட்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தார்.

லீவைக் காலண்டரில் ஏற்றுவதும் என் வேலைதான். ஏற்றினேன். அதே வாரம் ஒரு சிமெண்ட் ஆலையிலிருந்து ஆறு ஃபேனுக்கு ஆர்டர் வந்தது. பட்டனைத் தட்டினேன். சிவப்பு.

மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் கன்னடக்காரர். எங்களிடம் பாதித் தமிழில் பேசுவார்.

“யாக்கம்மா, ஏன் ரெட்டு?”

“அண்ணன் லீவு சார். எட்டு நாளு. ஆபரேஷன்.”

“கொத்து, தெரியும்மா. அந்த எட்டு நாள் எடுத்துட்டு ஒரு தடவ ஓட்டி நோடு. சும்னே.”

சும்மாதானே என்று எடுத்தேன். எல்லா வரியும் பச்சையானது.

“நோடு. கன்ஃபர்ம் மாடம்மா.”

“சார், லீவு?”

“அடுத்த மாசம் போகட்டும். உங்க அண்ணன் ஹுலிம்மா, ஹுலி. ஒண்ணும் ஆகாது.”

ஹுலி என்றால் புலி. புலி என்று சொல்லிச் சொல்லித்தான் அவரிடம் வேலை வாங்கினார்கள். நான் கன்ஃபர்ம் கொடுத்தேன்.

அண்ணனிடம் பஸ்ஸில் வரும்போது சொன்னேன். “சரி வுடு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்றார். அடிவயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டுதான் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதுவரை நான் சொன்ன பாதி. இனி சொல்லாத பாதி.

அடுத்த மாதம் அதே எட்டு நாளை மறுபடி ஏற்றினேன். மறுபடி ஓர் ஆர்டர் வந்தது, சிவப்பாகக் காட்டியது. அன்றைக்கு மேனேஜர் மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். என் பின்னால் யாரும் நிற்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. நானே அந்த எட்டு நாளை எடுத்தேன். நானே ஓட்டிப் பார்த்தேன். நானே கன்ஃபர்ம் கொடுத்தேன்.

ஏன் என்று பல தடவை யோசித்துவிட்டேன். பட்டம் வாங்கிய பெண்கள் இந்த வேலைக்கு எழுதிப்போட்டிருந்தார்கள். சிவப்பைப் பார்த்தாலே வேலை போய்விடுமோ என்று இருக்கும். மேனேஜர் திரும்பி வரும்போது ஸ்கிரீன் பச்சையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவு அற்பமான காரணம்.

அண்ணனிடம், மேனேஜர்தான் எடுக்கச் சொன்னார் என்றேன்.

“அவனுக்கெல்லாம் வயிறே கெடையாதா?” என்று திட்டினார். அந்தத் திட்டு எனக்கு வந்திருக்க வேண்டியது.

அதற்கு மூன்றாவது வாரம், காலை பதினொரு மணிக்கு, மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தார். இறங்கின குடல் சிக்கி அழுகிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். கல்லறைக்கு மேனேஜர் பெரிய மாலையோடு வந்தார். நல்ல மனுஷன் என்றார். அப்புறம் என்னைத் தனியே கூப்பிட்டு, அந்த மெஷினை ஓட்ட அண்ணன் வேறு யாருக்காவது சொல்லிக்கொடுத்திருக்கிறாரா என்று கேட்டார்.

பதினைந்து நாள் கழித்து வேலைக்குப் போனேன். காத்திருந்த ஆர்டரை அடித்துத் தட்டினேன். பச்சை. அண்ணன் இல்லை என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. புதிதாக வந்தவருக்கு ஒரு சக்கரத்துக்கு அரை நாள் பிடித்தது.

சிமெண்ட் ஆலை ஃபேன்கள் இரண்டு மாதம் தாமதமாகத்தான் போயின. ஏற்றிப்போன லாரி டிரைவர் ரசீது கொடுக்க வந்தபோது, லேட்டாகிவிட்டதென்று ஆலையில் திட்டினார்களா என்று கேட்டேன்.

“எவன் திட்றான்? அங்க இன்னும் பில்டிங்கே எழும்பலம்மா. தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கான்.”

அவர் போன பிறகு அந்த நாற்பதை அழித்துவிட்டுத் தொண்ணூறு என்று அடித்தேன். பட்டனைத் தட்டினேன். மேலிருந்து கீழ்வரை எல்லா வரியும் சிவப்பானது. மேனேஜர் ஓடி வந்தார்.

“ஏனாய்த்தம்மா? என்ன ஆச்சு?”

“இதுதான் சார் நெஜம். மொதல்லேர்ந்து இதான்.”

அன்றோடு அந்த வேலையை விட்டேன். விட்டதில் பெருமை ஒன்றுமில்லை. அந்த எட்டு நாளை எடுப்பதற்கு முன்னால், யாரும் இல்லாத அந்த அறையிலேயே நாற்பதை அழித்திருக்க வேண்டும்.

அண்ணா, பொய் சொன்னது நான்தான். இப்போது முழுசாகச் சொல்லிவிட்டேன்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கோவிலுக்குப் போனாலும், சர்ச்சுக்குப் போனாலும், மசூதிக்குப் போனாலும், என் அண்ணனுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். கனம் தூக்காமல் எங்கேயாவது அவர் படுத்திருக்கட்டும். என்றைக்கு என்று தேதி கேட்க மாட்டேன். உங்களுக்கு முடிகிறபோது போதும்.