முப்பத்திரண்டு பக்கங்களை மூடிய குற்றம்

பெரியப்பாவின் கம்ப்யூட்டரைக் கெடுத்தவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இன்று நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். இருந்தும் ஊருக்குப் போனால், ஆம்பூர் பஸ் நிலையத்தில் இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரை நினைவுபடுத்திவிடுகிறார். நான் கெடுக்கவில்லை. சரிசெய்தேன். பதின்மூன்று வயதிலேயே இதைச் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

பெரியப்பா ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவர். பதப்படுத்திய தோலைக் கையால் தடவியே இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று சொல்லிவிடுவார். பிரித்த தோல்களைத் தன்னைச் சுற்றி அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்வார். எந்த அடுக்கிலும் சீட்டு இருக்காது, இருக்கும் இடம்தான் அடையாளம். யாராவது ஓர் அடுக்கை அரை முழம் நகர்த்திவிட்டால் அன்றைக்கு அங்கே யாருக்கும் நிம்மதி இருக்காது என்று அப்பா சொல்வார்.

அந்தத் தொழிற்சாலை அலுவலகத்தில் பழசாகிப்போன கம்ப்யூட்டர் ஒன்றைப் பெரியப்பாவுக்குக் கொடுத்தார்கள். அலுவலகத்துக்காரர் ஒருவர், பெரியப்பாவும் நாங்களும் ஒன்றாக இருந்த வீட்டுக்கே வந்து இணைப்பு கொடுத்து, பெரியப்பா கேட்டதையெல்லாம் பிரவுசரில் வரிசையாகத் திறந்துவைத்தார். மறுநாள் போட்டாலும் அதே பக்கங்கள் தாமாகத் திறக்கும்படி செய்துவிட்டும் போனார். பெரியப்பா எதையும் மூடியதில்லை. அந்த மனிதர் வரும்போதெல்லாம் இன்னும் இரண்டு சேர்ந்தன. இடப்பக்கத்திலிருந்து விரல்வைத்து எண்ணி, ஐந்தாவதில் சோளிங்கர் மலைக்கோயில் பாட்டு, ஏழாவதில் மழை நிலவரம், ஒன்பதாவதில் ரேஷன் கார்டு என்று சரியாக அமுக்குவார். தெருவில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் வந்தார்கள். அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு டாக்டரைப் போல, வந்தவரைச் சற்று நேரம் காக்கவைத்துப் பிறகுதான் திரையைப் பார்ப்பார்.

இப்படியே சேர்ந்து முப்பத்திரண்டு பக்கங்கள் ஆகிவிட்டன. போதாததற்கு, யாரோ எப்போதோ ஏற்றிவிட்ட மூன்று தேடல் பட்டைகள், டூல்பார் என்பார்களே அவை, திரையில் கால்பங்கை அடைத்துக்கொண்டிருந்தன. எழுத்தைத் தட்டினால் நாம் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்த பிறகு அது திரையில் வந்து விழும். சில நாள் திரை வெளுத்துப்போய் அப்படியே நின்றுவிடும்.

ஒரு வியாழக்கிழமை மாலை எங்கள் அறிவியல் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வேலூரில் விடுதியோடு ஒரு பள்ளி இருக்கிறது, ஒன்பதாம் வகுப்பில் சில பிள்ளைகளைக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றார். இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் வெள்ளி, மாலை ஆறு மணி. புகைப்படத்தையும் மதிப்பெண் சான்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலைகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்று பிரவுசிங் சென்டரும் பூட்டிக்கிடக்கும். மிச்சமிருந்தது பெரியப்பாவின் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அந்த இடம் கிடைக்காவிட்டால், எட்டாவது முடித்ததும் அம்மாவோடு நானும் ஷூ கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளியன்று பள்ளி விட்டு ஓடி வந்தேன். பெரியப்பா டீக்கடைக்குப் போயிருந்தார். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என் பெயரை அடிப்பதற்கே பத்து நிமிடம் ஆனது. புகைப்படத்தை ஏற்றும்போது திரை வெளுத்தது. அணைத்துப் போட்டேன். முப்பத்திரண்டு பக்கங்களும் முண்டியடித்துக்கொண்டு மறுபடி வந்தன, திரை மறுபடி வெளுத்தது. மணி ஐந்தைத் தாண்டிவிட்டது.

ஒரே நேரத்தில் அத்தனையும் திறந்திருந்தால் பழைய கம்ப்யூட்டர் திணறத்தான் செய்யும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக மூடினேன். அந்த மூன்று பட்டைகளையும் நீக்கினேன். சேர்ந்து கிடந்த தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். பழைய பக்கங்கள் தாமாகத் திறக்கும் ஏற்பாட்டையும் நிறுத்தினேன். திருப்பிப் போட்டதும் பிரவுசர் சட்டென்று திறந்தது. தட்டத் தட்ட எழுத்து வந்தது. ஐந்தே முக்காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பதிவு எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பெரியப்பா வந்தால் மெச்சிக்கொள்வார் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதுதான் நான் செய்த மடத்தனம்.

பெரியப்பா கூட வேலை பார்க்கும் இரண்டு பேரோடு வந்தார். அவர்களில் ஒருவருடைய ரேஷன் கார்டு விஷயமாகப் பார்க்க வேண்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, விரலைத் தூக்கி, எண்ண ஆரம்பித்தார். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. திரையில் ஒரே ஒரு வெள்ளைப் பக்கம் இருந்தது.

"இன்னா பண்ணி வச்சிருக்கே?"

"ஸ்லோவா இருந்துச்சு பெரிப்பா. எல்லாத்தையும் மூடிட்டேன். இப்ப பாருங்க, எவ்ளோ வேகமா ஓடுதுன்னு."

"யாரைக் கேட்டு மூடினே? வருஷக் கணக்கா சேத்து வச்சது. எல்லாம் கேன்சல் ஆயிடுச்சா?"

பக்கத்தை மூடினால் எதுவும் ரத்தாகாது என்று விளக்கினேன். அவர் காதில் வாங்கவில்லை. நாலு எழுத்து படித்துவிட்டால் கை சும்மா இருக்காது, வீட்டுச் சாமானை எல்லாம் நாசம் பண்ணும், இதை விடுதிக்கு அனுப்பினால் அங்கேயும் போய் இதைத்தான் செய்யும் என்று வந்தவர்களிடம் அடுக்கிக்கொண்டே போனார். கூட வந்த பாய், "உடுப்பா, பேஜார் பண்ணாதே, கொயந்ததானே" என்றார். நான் குழந்தை இல்லை. அதுவும் சேர்ந்து எரிந்தது. ஓடாத ஒன்றை ஓடவைத்திருக்கிறேன், அதற்கு எனக்கு இரண்டு அந்நியர்கள் முன்னால் வசவு.

பார்த்த பக்கங்கள் எல்லாம் பிரவுசரின் வரலாற்றுப் பட்டியலில் பத்திரமாக இருந்தன. அதை நான் அழிக்கவில்லை. பட்டியலை முழுதாக விரித்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன். பட்டியல் ஆங்கிலத்திலும் தமிழிலுமாக நீளமாக இறங்கியது.

"எல்லாம் இங்கதான் இருக்கு பெரிப்பா. எது வேணும்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க. தொறந்து தர்றேன்."

அவர் பட்டியலைப் பார்த்தார். நான் மெதுவாகக் கீழே நகர்த்திக் காட்டினேன், வேண்டுமென்றேதான். வந்தவர்கள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியப்பா சட்டைப் பையைத் தொட்டார். எழுந்தார்.

"கண்ணாடிய டீக்கடையில உட்டுட்டேன். எடுத்துட்டு வர்றேன்."

அவர் போனார். வந்தவர்களும் போனார்கள். வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு உள்ளே வந்து என் தொடையில் கிள்ளினாள்.

"உனக்குப் படிப்பு வந்துச்சு. வேற ஒண்ணும் வரல."

மன்னிப்புக் கேள் என்றாள். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, கேட்க மாட்டேன் என்றேன். கேட்கவும் இல்லை. அடுத்த மாதம் வேலூரிலிருந்து அழைப்பு வந்தது. போனேன், படித்தேன். பக்கங்களை மூடியது சரிதான் என்று இன்றும் சொல்வேன். அதற்காக என்னைத் திட்டியது அநியாயம், அதையும் சொல்வேன்.

ஆனால் அன்றைக்கு அவர் திரும்பி வரட்டும் என்று பட்டியலைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்தேன். அவர் வந்து, கண்ணாடியை மாட்டி, படித்துப் பார்த்து, என்னிடம் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். பெரியப்பாவிடம் கண்ணாடி என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. அது எனக்கும் தெரியும், தினமும் பார்க்கிற முகம்தானே. இருந்தும், அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.