அக்காவின் சாளைக்கு வெட்டிய மூங்கில்

மதராஸ் காலேஜில் தாவர சாஸ்திரப் பரீட்சை எழுதிவிட்டுச் சூரமங்கலம் ஸ்டேஷனில் இறங்கியபோது, செடி கொடி விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற திமிரில் இருந்தேன். ஊர் போய்ச் சேர்ந்ததும் அப்பா ஒரு வேலை வைத்தார். அக்கா தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். வீட்டில் இருக்கிற ஒரே அறை நிறையக் கடலைக்காய் மூட்டை. தோட்டத்தில் அவளுக்கென்று ஓலை வேய்ந்து ஒரு சாளை போட வேண்டும். கூரைக்கு இருபது மூங்கில் வெட்டிப் போடு என்றார்.

ஓடைக்கரையில் நின்றது முள் மூங்கில். புதரின் வெளி ஓரத்தில், இரண்டு கையாலும் சுற்றிப் பிடிக்கிற மொத்தத்தில், பச்சைப் பசேலென்று வழுவழுப்பாக நின்றவற்றைக் காட்டினேன். முள்கூட அதிகமில்லை. எங்கள் பண்ணையாள் கொடுவாளை ஓங்கியவர் நிறுத்தினார்.

"இதுங்களா சாமி?"

"ஆமா. மொத்தமா இருக்கறதுதான் வயசானது."

மறுபேச்சில்லாமல் வெட்டினார்.

மரம் வருஷா வருஷம் பருக்கும். மூங்கில் அந்த ஜாதியில்லை. மண்ணிலிருந்து முளை வரும்போது என்ன மொத்தமோ, சாகிறவரை அதே மொத்தம்தான். வைரம் பாய்ந்தவை புதரின் நடுவில், முள்ளுக்குள், மஞ்சளித்துச் சாம்பல் படர்ந்து கிடந்தன. நான் வெட்ட வைத்த இருபதும் அந்த வருஷத்துக் குருத்துகள். புத்தகத்தில் இது இருந்ததோ என்னவோ, அந்தப் பக்கத்தை நான் புரட்டவில்லை.

கூரை ஏறியது. இருபது நாள் வெயிலில் மூங்கில் வெம்பிச் சுருங்கியது. இறுக்கிக் கட்டிய கயிறெல்லாம் தொளதொளத்தது. கணுவோரம் வண்டு துளைத்து மாவு கொட்டியது. பிறகு ஒரு மழை. ஓலை நனைந்து கனத்ததும் கூரை நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது.

அன்று மத்தியானமே அக்காவின் வண்டி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியவள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"ஏன் சாமி, எனக்குத் தனி ஊடுன்னாங்க. எருமை படுத்தாப்பல இருக்குது."

அப்பா திட்டியிருந்தாலாவது தேவலை. அவர் பாட்டுக்கு அறையில் இருந்த மூட்டைகளை ஓரமாக அடுக்கி, ஒரு கட்டில் போடுகிற அளவு இடம் ஒதுக்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தையெல்லாம் பண்ணையாள் மேல் காட்டினேன். தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கேட்டனுங்களே. நீங்க படிச்சவீங்க, வேற ஏதாச்சும் கணக்கு வெச்சிருப்பீங்கன்னு இருந்துட்டனுங்க."



அக்கா பிள்ளை பெறுவதற்குள் எப்படியும் சாளையை நிறுத்திவிடுவது என்று, மறுநாள் விடிந்ததும் புதரின் நடுவில் புகுந்தோம். முள்ளைக் கழித்து வழி பண்ணவே பாதி நாள் போயிற்று. சட்டை கிழிந்தது, காதும் கிழிந்தது. ஒருவழியாக ஒரு முதிர்ந்த மூங்கிலை அடியோடு வெட்டினோம்.

அது விழவில்லை. அடி முழுக்க அறுபட்டு, தலை மட்டும் மேலே மற்ற மூங்கில்களின் முள்ளில் மாட்டிக்கொண்டு, நட்டு வைத்தமாதிரி நின்றது. தள்ளினோம், முறுக்கினோம். பண்ணையாள் அதைப் பிடித்துத் தொங்கியே பார்த்தார். ஒரு சாண்கூட நகரவில்லை.

அம்மா ஓடைக்கரைக்கு வந்து கூப்பிட்டுச் சொன்னாள். அக்காவுக்குப் பெண் குழந்தை. கடலைக்காய் மூட்டைகளுக்கு நடுவில்தான் பிறந்திருக்கிறது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்களாம்.

பண்ணையாள் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இது இனி எதுக்குங்க? உட்டரலாமுங்களா?"

"இழுப்பா" என்றேன்.