கால் நனைத்த புதுப் படகு

டெக்சாஸ் வந்த என் மகன் சொந்தமாகப் படகே வாங்கிவிட்டான். பழையதுதான், மீன் பிடிக்கிற படகு.

இன்று ஏரிக்கரையில் நானே பூஜை போட்டு, படகுக்குள்ளேயே தேங்காய் உடைத்தேன்.

ஏரியில் கொஞ்ச தூரம் போனதும் கால் நனைந்தது. தேங்காய்த் தண்ணீர்தானே என்று பேசாமல் இருந்தேன். கணுக்கால்வரை ஏறியதும், "ஏன்டா, ஒரு தேங்காயில இவ்வளவு தண்ணியா?" என்றேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ, தண்ணி வடியறதுக்குன்னு இருக்கிற அடி ஓட்டைக்கு ப்ளக் போடலம்மா! பூஜைன்னு அவசரப்படுத்துனியே!"

"இப்பப் போடேன்."

"அது கார்ல இருக்கு!"

இன்ஜினும் நின்றுவிட்டது. நீச்சல் தெரியாத நான் என்ன செய்வேன்? படகை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வேறொரு படகுக்காரர் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்.

"இனிமே பூஜையே வேணாம்மா" என்கிறான்.

பூஜை போட்டதால்தானே அந்த மனிதர் வந்தார்? நீங்களே சொல்லுங்கள்.