பின்வரிசையும் ஒரு முத்துத் தோடும்

அந்த ஊரில் அவருக்கு முகம் தெரிந்தவர்கள் குறைவு. பிடரி தெரிந்தவர்கள் முந்நூறு பேராவது இருப்பார்கள். நூலகத்து மாடியில் இருக்கும் அரங்கில், கடைசி நாற்காலிகளுக்கும் பின்னால், ஒலிக்கலவை மேசையோடு இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு வேறு என்ன தெரிய முடியும்? 'பின்வரிசை' என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. தெருவில் மூக்கும் முழியுமாக எதிரே வருகிறவரைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பார். அந்த ஆள் கடந்துபோனதும் திரும்பிப் பார்த்து, "அடடே, நாலாவது வரிசை, இடது ஓரம்!" என்று பின்னாலேயே ஓடிப்போய் நலம் விசாரிப்பார். ஒருமுறை பல் மருத்துவர் முன்னால் பத்து நிமிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தும் ஆள் பிடிபடவில்லை. மருத்துவர் ஊசி எடுக்கத் திரும்பிய பிறகுதான், திறந்த வாயோடு வணக்கம் சொன்னார்.

வார நாட்களில் அவர் லிஃப்ட் மெக்கானிக். அங்கேயும் பெட்டிக்குள் பின்சுவரை ஒட்டி நின்றுதான் மோட்டார் சத்தத்தைக் கேட்பார். ஆகவே அங்கேயும் பிடரிகள்தான். உலகம் அவருக்கு முகம் கொடுத்ததே இல்லை என்று சொன்னால் தப்பாகிவிடும், அவர் கேட்டதில்லை.

ஒலிக்காரரைப் பற்றி அவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. வாசிக்கிறவருக்குக் கைதட்டல், ஒலிக்காரருக்குத் திரும்பாத தலைகள். ஒலி சரியாக இருக்கும்வரை அப்படி ஒருத்தர் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. சரியில்லை என்றால் கழுத்து தானாகத் திரும்பி அவரைத் தேடும். திரும்பும் ஒவ்வொரு தலையும் ஒரு வசவு. நிகழ்ச்சி முடிந்ததும் எத்தனை வசவு என்று தாளில் குறித்துக்கொள்வார். பெரும்பாலும் பூஜ்யம். வாழ்நாள் முழுவதும் பூஜ்யம் வாங்கிச் சந்தோஷப்பட்ட மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அந்தப் பிடரிகளில் அவருக்கு மிகவும் பழகியது அக்காவுடையது. முன்வரிசை, வலது ஓரம், நரைத்த கொண்டை, இடது காதில் வெள்ளையாக ஒரு முத்துத் தோடு. அக்கா அங்கே உட்காரக் காரணம், மேடையில் வாசிப்பவர் அக்காவின் வீட்டுக்காரர்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு மத்தியானம், அந்த அரங்கில் ஸ்டீல் கிட்டார் நிகழ்ச்சி நடக்கும். அந்தக் கிட்டாரை மார்போடு அணைத்துக்கொள்வதில்லை. படுக்கப் போட்டு வாசிக்கிறார்கள். வலது கை தந்தியை மீட்டும். இடது கை ஓர் இரும்புத் துண்டைத் தந்திமேல் வழுக்கிக்கொண்டே போகும். ஸ்வரம் படிப்படியாக ஏறாமல், மனிதக் குரல் போலக் குழைந்து ஏறும். வலது காலுக்கு அடியில் ஒரு மிதி இருக்கும். மீட்டிய நாதம் மெலியத் தொடங்கும்போது மிதியை மெல்ல அழுத்தினால், சாக இருந்த ஸ்வரம் உயிர்பிழைத்து நீளும். அத்தான் தையற்கடைக்காரர். ஆறு நாள் மெஷினை மிதித்துவிட்டு ஏழாம் நாள் ஓய்வுக்காக இதை மிதிப்பார்.

சென்ற நிகழ்ச்சியில் பதினொரு தலைகள் திரும்பின. எல்லாம் முன் மூன்று வரிசைகள். முடிந்ததும் நிகழ்ச்சி நடத்தும் சங்கத்தின் செயலாளர் அம்மா நேரே மேசைக்கே வந்துவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை.

"முப்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்துனவ நான். சத்தத்துக்குப் பயப்படுற ஆள் இல்ல. ஆனா இது காதுக்குள்ள கம்பிய விட்டுக் குடையுது."

"இங்க பின்னால நல்லாத்தான்மா கேட்டுச்சு."

"பின்னால நல்லா இருந்தா? டிக்கெட் வாங்குனவங்க எல்லாரும் உங்க மடியிலயா வந்து உக்கார முடியும்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார். "அடுத்த நிகழ்ச்சியப் பாப்போம். அப்பவும் இப்படித்தான்னா, வெளியில இருந்து வேற ஆள வச்சுக்குறோம். தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்காமல் இருக்க அவருக்கு மூன்று நாள் பிடித்தது. அந்த மேசை போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. நாலாம் நாள் அக்கா வீட்டுக்குப் போனார், நியாயம் கேட்கத்தான். அத்தானும் அதே நியாயத்தைக் கேட்கக் காத்திருந்தார்.

"அத்தான், நீங்க மிதிக்கிற மிதியில ஹாலே அலறுது."

"நீ இறக்குற இறக்குல என் கிட்டார் எனக்கே கேக்கல மச்சான். கேக்கலன்னா மிதிக்காம, அதுக்கு எண்ணெயா விடுவாங்க?"

"நீங்க ஏத்துறதாலதான் நான் இறக்குறேன்."

"நீ இறக்குறதாலதான் நான் ஏத்துறேன்."

வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்த அக்கா, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். "டேய் தம்பி, இத்தனை வருஷத்துல ஒரு நாளாச்சும் முன்னால வந்து உக்காந்து கேட்டிருக்கியா?"

"என் இடம் பின்னாலக்கா."

அக்கா கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே சின்னச் சின்னதாக உருட்டிய பஞ்சு.

"இருபது வருஷமா இத வச்சுக்கிட்டுதான் அங்க உக்காந்திருக்கேன்."

அவர் பஞ்சையும் அக்காவின் இடது காதையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அந்த முத்துத் தோடு?"

"முத்தா? எந்த மகராசன் எனக்கு முத்து வாங்கிக் குடுத்தான்?"

மகராசன் மேலே மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்நூறு பிடரிகளை அறிந்தவருக்கு, ஒற்றைக் காதில் மட்டும் ஒருத்தி ஏன் தோடு போடுகிறாள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. "ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"அவர்கிட்ட சொன்னா, என் வாசிப்பு பிடிக்கலையான்னு மூஞ்சியத் தூக்குவாரு. உன்கிட்ட சொன்னா நீ மேசையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுவ. ரெண்டு மனசு நோகறதுக்கு ஒரு காது நோகட்டும்னு விட்டுட்டேன்."

நிகழ்ச்சி நாளன்று காலையிலேயே அரங்கைத் திறந்து, அக்காவின் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. அத்தான் மூன்று ஸ்வரம் வாசித்தார். மூன்றாவதில் பின்வரிசையின் கை தானாக இடது காதுக்குப் போனது. செயலாளர் அம்மா சொன்ன கம்பி இதுதான். அத்தானின் ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஸ்டூல்மேல், முன்வரிசைக்காரர்களின் காது உயரத்துக்குச் சரியாக, அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து அவர் ஒலியை இறக்கியபோதெல்லாம் இறங்கியது அரங்கத்து ஸ்பீக்கர்தான். இந்தப் பெட்டிக்கு அவருடைய விரலைப் பற்றிக் கவலையே இல்லை. அத்தானுக்கோ அது முதுகுப் பக்கம் கத்தியதால் பாதிதான் கேட்டது. மீதிக்கு அவர் அரங்கத்து ஸ்பீக்கரை நம்பினார். அது இறங்கியதும் காலால் மிதித்தார், வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கூடவே.

அங்கிருந்து இன்னொன்றும் தெரிந்தது: அத்தானின் கால். பின்னாலிருந்து பார்த்தால் அத்தனை தலைகளுக்கு அப்பால் அந்தக் கால் தெரிந்ததே இல்லை. அது மிதியைப் பாதிதான் அழுத்தியிருந்தது.

"முழுசா மிதிங்க அத்தான்."

"அது எப்படி? சோதனையிலயே முழுசா மிதிச்சுட்டா மத்தியானத்துக்கு என்ன மிச்சம்?"

"சரிதான். துணிய வெட்டுறதுக்கு முன்னால முழு அளவு எடுப்பீங்களா, பாதி அளவு எடுப்பீங்களா?"

தையற்காரர் குனிந்து மிதியைப் பார்த்தார். பிறகு அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "அப்ப இத்தனை வருஷமா நான் காலாலயும் நீ கையாலயும் கயிறு இழுத்திருக்கோம்!"

"நடுவுல அக்கா காது."

ஆம்ப்ளிஃபயரைத் தரையில் இறக்கி, அத்தானுக்கு எதிரே கொண்டுவந்து, ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, அவர் முகத்தைப் பார்க்கச் சாய்த்து வைத்தார்கள். அதற்கு முன்னால் மைக். அத்தான் மனமில்லாமல் மிதியை முழுதாக அழுத்த, அந்த உச்சத்தில் வைத்து மேசையில் அளவைக் கட்டினார் அவர். இனி அத்தானின் கால் போகக்கூடிய இடம் அதுதான், அதற்குமேல் இல்லை. அக்காவின் நாற்காலிக்கும் மேசைக்கும் எட்டுத் தடவை நடந்தார். முழங்கால் முனகியது, லிஃப்ட் இல்லாத இடம்.

மத்தியானம் அரங்கு நிறைந்தது. செயலாளர் அம்மாவின் பிடரி முன்வரிசையில் மூன்றாவதாக, இஸ்திரி போட்ட மாதிரி நிமிர்ந்திருந்தது. வெள்ளைத் தோடு அதன் இடத்தில் இருந்தது. அக்கா நம்பிக்கையை ஒரு காதோடு நிறுத்திவைத்திருந்தாள் போலும்.

எல்லாம் தயார், ஒன்றைத் தவிர. அவருடைய வலது கை. ஸ்வரம் ஏறினால் இறக்கியே பழகிய கை. இரண்டாம் பாட்டில் அத்தான் காலை அழுத்தத் தொடங்கியதும் விரல்கள் பரபரவென்று கிளம்பின. அவர் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

நாலாம் பாட்டில் அந்த நீண்ட ஸ்வரம் வந்தது. இரும்புத் துண்டு தந்திமேல் மெல்ல ஏறி, மேலே போய் நின்றது. மெலிய வேண்டிய இடத்தில் மெலியவில்லை. மெலிதாக நடுங்கிக்கொண்டே, அரங்கின் கடைசி நாற்காலிவரை ஒரே கனத்தில் வந்து நின்றது. இந்தப் பக்கத்திலிருந்து யாரும் இறக்காததால், அந்தப் பக்கத்துக் கால் பாதியோடு நின்றுகொண்டது. முழுசும் தேவைப்படவே இல்லை. தொடைக்கு அடியில் கை மரத்துப்போயிருந்தது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

ஒரே ஒரு கை மட்டும் எழுந்தது. முன்வரிசை, வலது ஓரம். நரைத்த கொண்டைக்குப் பக்கத்தில் போய், முத்துத் தோட்டைக் கழற்றி, கைப்பைக்குள் போட்டுக்கொண்டது.

கடைசிப் பாட்டும் முடிந்ததும் அவர் தாளை எடுத்தார். பூஜ்யம் போட்டார். இந்த ஒரு தடவை கொஞ்சம் பெரிதாகவே போட்டார்.

செயலாளர் அம்மா மேசைக்கு வந்தார். முகத்தில் பழைய கடுகடுப்பு அப்படியே இருந்தது. "என் நாற்காலி கிறீச்சு கிறீச்சுங்குது. இத்தனை நாளா கேக்கல, இன்னைக்குப் பாட்டு முழுக்க அதுதான் கேக்குது. நீங்க லிஃப்ட்காரர்தானே? அடுத்த நிகழ்ச்சிக்கு வர்றப்ப எண்ணெய் கொண்டு வாங்க."

"அடுத்த நிகழ்ச்சிக்கா?"

"பின்ன? நாற்காலிக்குன்னு வெளியில இருந்தா ஆள் கூப்பிடுவாங்க?"

அந்த அம்மா திரும்பி நடந்ததும்தான் பின்வரிசைக்கு அவரை நன்றாக அடையாளம் தெரிந்தது. எண்ணெய் டப்பா பையிலேயே இருந்தது. அவர் முன்வரிசைக்குப் போனார். மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு முறை ஆடிப் பார்த்து, எங்கே சத்தம் என்று காதைக் கொடுத்தார்.