நெடுந்தீவுக் கல்வேலியும் ஹேக் ஒப்பந்தமும்

வவுனியாவில் சரித்திரம் படிப்பிக்கிறேன். ஒல்லாந்தர் காலம் வரும்போதெல்லாம், "ரீச்சர், நெடுந்தீவுக் கோட்டையைப் பாத்தனீங்களோ?" என்று யாராவது கேட்டு மானத்தை வாங்கிவிடுவார்கள். போன ஆவணி விடுமுறையில் புறப்பட்டேவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து மண்டைதீவு, மண்கும்பான் வழியாகக் குறிகட்டுவான் வரை பஸ். அங்கிருந்து ஒரு மணிநேரப் படகு. துறையில் சிவராசா அண்ணையின் ஓட்டோவை மூவாயிரம் ரூபாவுக்குப் பேசினேன். மனிதர் முகத்தை உம்மென்று வைத்திருந்தார். மகள் பெரியபிள்ளையாகி, ஞாயிற்றுக்கிழமை சாமத்தியச் சடங்காம். தண்ணீர் வார்க்கவேண்டிய தாய்மாமன் பக்கத்து வளவுக்காரர். எல்லைக் கல்வேலியைத் தள்ளி அடுக்கிவிட்டார் என்று ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"மாமன் இல்லாமல் சடங்கோ எண்டு மனுசி அழுகிறா, ரீச்சர். அதுக்காக நான் போய்க் கெஞ்ச ஏலாது."

கோட்டை இப்போது முருகைக்கல், அதாவது பவளப்பாறை, இடிபாடுதான். அரை மணிநேரம் போதும். அங்கே நின்று அவருக்கும் ஒரு பாடம் எடுத்தேன். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் 1661இல் ஹேக் நகரில் சமாதானம் எழுதினார்கள். இந்தப் பக்கத்தில் ஒல்லாந்தர் பிடித்தது ஒல்லாந்தருக்கே. தீவுச் சனத்தை ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் ஒல்லாந்தர் போய்க் கொச்சியைப் பிடித்தார்கள்.

"கையெழுத்து வைச்ச பிறகுமோ? அட கோதாரி! என்ர மச்சானே பரவாயில்லை."

திரும்பும் வழியில் அவர் வீட்டருகே அந்த மச்சான் வேலிக் கல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இங்கே வேலிக்குச் சீமெந்து இல்லை, வெறும் கல்லடுக்குத்தான்.

"பாத்தீங்களோ, இன்னும் தள்ளுறான்!" என்று அண்ணை பாய்ந்து இறங்கினார். பின்னாலேயே ஓடினேன்.

மச்சான் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "தங்கச்சி, அவரிட்டச் சொல்லும். என்ர கிணத்திலதான் நல்ல தண்ணி. பிள்ளைக்கு வார்க்கிற குடத்தை றோட்டால சுத்தித் தூக்கிக்கொண்டு வரவோ? அதுதான் வழி விடுறன்."

அண்ணை பிடுங்கிய கற்களைப் பார்த்தார். பிறகு அவரும் என்னிடமே, "பிறகு எங்க அடுக்கப் போறாராம் எண்டு கேளுங்கோ."

"சடங்கு முடியட்டும். ரெண்டுபேரும் நிண்டு அடுக்குவம் எண்டு சொல்லும்."

கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு பேர், நடுவில் சம்பளமில்லாத தூதுவராக நான்! சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தன் பக்கத்துக் கல்லை எடுக்கத் தொடங்கினார். நானும் எடுத்தேன்.

"மச்சான், காலைப் பாரும்! கல்லு உருளுது!"

ஒரு வருடத்துக்குப் பிறகு அண்ணை அவரிடம் நேரே சொன்னது அதுதான். குசினிக்குள் இருந்து அண்ணையின் மனைவி ஓவென்று அழுத சத்தம் கேட்டது.

போகிறவர்கள் தொப்பியும் குடிதண்ணீரும் கொண்டுபோங்கள். கடைசிப் படகின் நேரத்தைத் துறையிலேயே கேட்டு வையுங்கள். நான் கல்லெடுத்து அதைத் தவறவிட்டேன், ஞாயிறுவரை அவர்கள் வீட்டிலேயே நின்றேன். முதல் குடம் அந்த வழியால்தான் வந்தது, மாமன்தான் தூக்கி வந்தார்.