ஒரு மீட்டர், ஐந்து குடும்பம்

தண்ணீர் மீட்டர் வாசிக்கிற சுமித்திராவின் வீட்டில் தண்ணீர்க் குழாய் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் நாவலடியில் குறைவு. நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்களையும் மாதாமாதம் சைக்கிளில் போய்ப் பார்த்துக் கொப்பியில் எழுதி வருகிறவள், தேத்தண்ணீர் வைக்கப் பக்கத்து வளவுக்குக் குடத்தோடு போவாள். இணைப்புக் கட்டணம் இருபத்தையாயிரம் ரூபாய். அவளுடைய சம்பளம் பதினெட்டாயிரம். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நாவலடி முதலில் வெறும் சந்திதான். அக்கராயன் பக்கத்து நெல் ஏற்றிய லொறிகள் நின்று போக ஒரு தேத்தண்ணிக் கடை வந்தது. பிறகு அரிசி ஆலை, வங்கி, பெற்றோல் செட், மாடி வைத்த தங்குவிடுதி என்று வந்து, இப்போது தன்னை நகரம் என்று சொல்லிக்கொள்கிறது. அதற்குத் தண்ணீர் கொடுப்பது குடிநீர்ச் சங்கம். குளத்தடியில் ஒரு குழாய்க்கிணறு, மோட்டர், உயரத்தில் ஒரு தாங்கி. ஒரு யூனிட் தண்ணீர் என்ன விலை என்பதைப் பொதுநோக்கு மண்டபத்தில் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருக்கிற ஏழு பேர்தான் தீர்மானிக்கிறார்கள். ஏழு பேரும் நல்ல மனிதர்கள். இந்தக் கதையில் கெட்டவன் என்று கைகாட்ட ஒருவன் இருந்திருந்தால் எனக்கும் எழுத லேசாக இருந்திருக்கும்.

சுமித்திரா இருப்பது நகரத்தின் ஓரத்தில், இருபது வீட்டுத் திட்டத்தில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அடிவாங்கித் தேயிலைத் தோட்டங்களை விட்டு ஓடிவந்தவர்கள் காடு வெட்டிக் குடியேறிய இடம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் வன்னித் தமிழ்தான் கதைக்கிறார்கள். இருந்தாலும் டவுன் ஆட்களுக்கு இன்னும் அவர்கள் 'திட்டத்து ஆக்கள்'தான். அந்த மண்ணில் எங்கே தோண்டினாலும் கல்லுத்தண்ணீர்தான் வரும். தேத்தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தில் இரண்டு மாதத்தில் உள்ளே சுண்ணாம்பு பூசினது போலாகிவிடும். கேத்திலைச் சுரண்டலாம். மனிதனுடைய சிறுநீரகத்தை யார் சுரண்டுவது?

சுமித்திராவின் அண்ணன் பரமேஸ்வரனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் சிறுநீரகம் இரண்டும் பழுதாகத் தொடங்கின. வயலில் கூலிவேலை செய்து, முப்பது வருடம் அந்தத் தண்ணீரையே குடித்து வளர்த்த உடம்பு. கிளினிக் டொக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கிணற்றுத் தண்ணீரை இனி வாயில் வைக்கக் கூடாது. வைத்தால் நாள் எண்ண வேண்டியதுதான். சுமித்திரா கலியாணம் செய்தது நிலைக்காமல், அண்ணனோடும் அண்ணி இலட்சுமியோடும் ஒரே வீட்டில் இருப்பவள். அண்ணனைக் காப்பாற்றுகிற தண்ணீர் தங்கம்மாவின் குழாயில் வந்தது. அது நின்றால் அண்ணன் போய்விடுவார் என்பது அவளுக்குத் தன் பெயரைப் போலத் தெரியும்.

தங்கம்மாவின் மகன் கட்டாரில் வேலை செய்த காலத்தில் எடுத்துக் கொடுத்த இணைப்பு அது. மகன் திரும்பிவந்து, அதே வளவில் கொட்டில் போட்டுக் குடும்பத்தோடு இருக்கிறான். தங்கம்மா, மகன், சுமித்திரா வீட்டார், பின்னால் இன்னும் இரண்டு வீடுகள். ஆக ஐந்து குடும்பங்கள் ஒரு குழாயில் குடித்தன. யாரும் கேட்டுக்கொண்டு வருவதில்லை, தங்கம்மாவும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. படலை திறந்தே கிடக்கும். சங்கத்து விதியில் மட்டும், ஓர் இணைப்பை ஒரு குடும்பத்துக்கு மேல் பாவித்தால் வெட்டப்படும் என்று ஒன்பதாம் இலக்கத்தில் எழுதியிருந்தது. மாதாமாதம் நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று யூனிட் என்று கொப்பியில் எழுதியவள் சுமித்திரா. ஒன்பதாம் இலக்கத்தை மீறியவர்களில் ஒருத்தியும் அவள்தான்.

கரண்ட் விலை ஏறிய வருடம் சங்கத்து மோட்டர் பில் மூன்று மடங்கானது. தண்ணீருக்கு விலை ஏற்றியே ஆக வேண்டும். தலைவர் ஸ்ரனிஸ்லஸ், முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேசையில் இரண்டு கையையும் வைத்து, "விலையை ஏத்தாட்டி மோட்டர் நிண்டிடும். ஆனா இல்லாத சனத்தின்ர தலையில போடேலாது" என்றார். செயலாளர் பிரதீபன் கணக்கியல் படித்த பெடியன், லப்டொப்போடு வந்திருந்தான். எல்லோருக்கும் நாற்பது ரூபாய் என்ற பழைய விலையைத் தூக்கிவிட்டு, படிப்படியாக ஏறுகிற விலை போடுவோம் என்றான். முதல் பத்து யூனிட் ஒவ்வொன்றும் முப்பத்தைந்து ரூபாய், அடுத்த பத்து அறுபது, அதற்கடுத்த பத்து நூற்றுப் பத்து, முப்பதுக்கு மேலே ஒவ்வொன்றும் இருநூறு. மாதாமாதம் கட்டுகிற நிலையான கட்டணம் நூற்றைம்பதிலிருந்து முந்நூறு.

"கூடப் பாவிக்கிறவன் கூடக் கட்டட்டும். பூக்கண்டுக்கும் காருக்கும் ஊத்திறவனுக்கு வலிக்கட்டும்" என்றான். ஏழு பேரும் தலையாட்டினார்கள். நியாயமான கதைதானே!

பிரதீபன் பட்டியலைப் பார்த்தான். முப்பது யூனிட்டைத் தாண்டுகிற வீடுகள் பதினொன்று. பத்து, டவுனுக்குள் இருக்கிற மாடிவீடுகள். பதினோராவது தங்கம்மாவின் ஓட்டு வீடு. அவனுக்கு அங்கே ஏதோ இடித்தது. மூலையில் கொப்பியோடு இருந்த சுமித்திராவைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, ஒரு மீட்டரில ஒண்டுக்கு மேல குடும்பம் பாவிக்கிற வீடு எங்கயாவது இருக்கோ?"

இந்தக் கேள்வி எந்தக் காதில் விழுகிறது என்பது அவனுக்குத் தெரியாது. அவன் பிறந்த வருடத்தில் சுமித்திராவுக்குப் பதினாறு வயது. இடம்பெயர்ந்துபோய் வவுனியாவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்த பேப்பர் கதவுக்குப் பின்னால் தொங்கும். மாமி மகன் ஜனகன் காய்ச்சலோடு வந்து பதியாமல் இரண்டு இரவு தங்கினான். சோதனைக்கு வந்த ஆமிக்காரர் பேப்பரில் பெயர்களையும் வீட்டில் தலைகளையும் எண்ணினார்கள். தலை ஒன்று கூடியிருந்தது; அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜனகன் ஒன்பது மாதம் கழித்துத் திரும்பிவந்தான், வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க ஏலாமல். அன்றைக்கு அப்பா பிள்ளைகள் எல்லோரையும் கூட்டி வைத்து, "வீட்டில எத்தனை பேர் எண்டு ஆர் கேட்டாலும் எழுதிக் குடுத்ததுக்கு மேல ஒரு ஆளைச் சொல்லப்பிடாது" என்றார். கையில் பேப்பரோடு ஒருவன் தலைக்கணக்குக் கேட்டால் திட்டத்தில் இன்றைக்கும் அதே மறுமொழிதான். அது பொய் என்று அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை.

"இல்லைத் தம்பி. எல்லாம் ஒவ்வொரு குடும்பம்தான்" என்றாள் சுமித்திரா.

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம், நான் மாசாமாசம் போறனான்தானே."

பிரதீபன் லப்டொப் பக்கம் திரும்பினான். அதில் எதையோ அழித்தான். சுமித்திரா கொப்பியை மூடினாள். தங்கம்மாவின் இணைப்பு தப்பியது என்ற சந்தோஷத்தில் சைக்கிளை உழக்கி வீட்டுக்குப் போனாள்.

முதல் பில் அடுத்த மாதம் வந்தது. பழைய விலையில் நிலையான கட்டணமும் சேர்த்து ஆயிரத்து எண்ணூற்று முப்பது கட்டிய தங்கம்மாவுக்கு, அதே நாற்பத்திரண்டு யூனிட்டுக்கு நாலாயிரத்து எழுநூற்று ஐம்பது. பில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் சுமித்திராதான். தங்கம்மா அதைத் தூரப் பிடித்து வாசித்து, "இது டவுனுக்குள்ள ஆற்றையோ வீட்டுப் பில் மாறி வந்திட்டுது" என்றாள். சுமித்திரா விளங்கப்படுத்தினாள். அன்று பின்னேரம் மற்ற வீட்டுக்காரர் ஆளுக்கு எழுநூறு, எண்ணூறு என்று கொண்டுபோனார்கள். தங்கம்மா தொடவேயில்லை.

"தண்ணிக்குக் காசு வாங்கிற குடும்பமே நாங்கள்? எடுத்துக்கொண்டு போங்கோ. இனி இந்தக் கதையோட ஆரும் என்ர படலைக்குள்ள வரப்பிடாது" என்றாள். கோழிகளை விற்று அந்த மாதத்தைக் கட்டினாள்.

தண்ணீர் குறைத்துப் பார்த்தார்கள். உடுப்புத் தோய்ப்பைக் கிணற்றுக்கு மாற்றினார்கள். பிறகு பெரியவர்களின் குளிப்பையும் மாற்றினார்கள். அப்படியும் முப்பத்து நாலுக்குக் கீழே இறங்கவில்லை. ஐந்து குடும்பத்தின் வாயை எவ்வளவுதான் கட்டுவது? இரண்டாம் மாதம் சுமித்திரா தன் சம்பளத்தில் இரண்டாயிரத்தைத் தங்கம்மாவுக்குத் தெரியாமல் அலுவலகத்தில் கட்டினாள். மூன்றாம் மாதம் அண்ணனுக்கு ஊசி வெளியில் வாங்கச் சொன்னார்கள். கை வெறுமையாகிவிட்டது. நாலாம் மாதம் சிவப்பு மையில் அறிவித்தல் போனது. ஐந்தாம் மாதம், இணைப்பை வெட்டுகிற பட்டியலில் தங்கம்மாவின் பெயர்.

மீட்டரைக் கழற்றும்போது வாசிப்பாளர் பக்கத்தில் நின்று கடைசி எண்ணை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். குழாய் பொருத்துகிற சுஜிதன் சாவியோடு வந்தான். சுமித்திரா நின்றாள். தங்கம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. இருவருக்கும் பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்து, "தம்பி, அந்தப் பூக்கண்டை மிதிக்காமல் தோண்டு" என்று மட்டும் சொன்னாள். ஏசியிருந்தால் சுமித்திராவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். எண்ணைத் தப்பாக எழுதி, வெட்டித் திருப்பி எழுதினாள்.

பிறகு டவுனில் வடிகட்டிய தண்ணீர்க் கான் வாங்கினார்கள், அண்ணனுக்கு மட்டும். சுமித்திரா சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவாள். இருபது லீற்றர் ஒரு கிழமைக்கு என்று கணக்கு. ஆனால் பத்து நாளாகியும் கான் முடியாமல் இருக்கும். அவர் குறைவாகக் குடிக்கிறார் என்று நினைத்தார்கள். உண்மை ஒரு நாள் மத்தியானம் இலட்சுமியின் கண்ணில் பட்டது. பரமேஸ்வரன் கிணற்றடியில் குந்தியிருந்து, வாளியில் அள்ளிக் கையால் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா செய்யிறியள்? உங்களுக்கு விசரே?" என்று அவள் கத்த, அவர் வாயைத் துடைத்தார்.

"தங்கச்சி ஒரு கான் காசுக்கு எத்தனை வீடு சைக்கிள் உழக்கிறாள், பாத்தனியே? விடு. எனக்கு இந்தத் தண்ணிதான் பழக்கம்."

அன்றிரவு சுமித்திரா அண்ணனோடு சண்டை பிடித்தாள், அழுதாள், சாமிப் படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினாள். சத்தியத்தைக் காப்பாற்ற அவருக்கு அதிக நாள் தேவைப்படவில்லை. கால் இரண்டும் வீங்கி, முகமும் வீங்கி, மாசி மாதக் கடைசியில் ஆசுப்பத்திரியில் மூச்சு நின்றது. கிணற்றுத் தண்ணீரால்தான் செத்தார் என்று எந்த டொக்டரும் எழுதித் தரவில்லை. குழாய் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் என்று எழுதித் தருவதற்கும் யாரும் இல்லை. வீட்டாருக்கு எழுத்துத் தேவைப்படவில்லை.

நாவலடியில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவீடு நடக்கிற வளவுக்குச் சங்கம் உழவு இயந்திரத்தில் ஆயிரம் லீற்றர் தாங்கியை இலவசமாக அனுப்பும். அன்றும் அனுப்பியது. கூடவே தலைவர் ஸ்ரனிஸ்லஸ் வந்தார். பந்தலுக்குள் கதிரையில் இருந்தவரின் காலடியில் இலட்சுமி தலைவிரி கோலமாக இருந்து, ஒப்பாரிக்கு இடையில் எல்லாவற்றையும் கொட்டினாள். தங்கம்மா அக்காவின் குழாயில் ஐந்து குடும்பம் குடித்ததை, பில் ஏறியதை, மீட்டரைக் கழற்றியதை. ஒன்பதாம் இலக்கத்துக்கு இனி யார் பயப்படுவது?

ஸ்ரனிஸ்லஸ் எழும்பி, வேலியோரம் நின்ற சுமித்திராவிடம் வந்தார். கிழவரின் முகம் வெளிறியிருந்தது.

"அஞ்சு குடும்பமோ, பிள்ளை?"

"ஓம் சேர்."

"அண்டைக்குப் பிரதீபன் கேட்டவனெல்லோ? அவன் ஏன் கேட்டவன் எண்டு தெரியுமோ? கனக்கக் குடும்பம் ஒரு மீட்டரில இருந்தா, ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்துப் பத்து யூனிட் முதல் விலையில குடுக்க வேணும் எண்டு ஒரு பந்தி எழுதி வைச்சிருந்தவன். அதோட ஒன்பதாம் இலக்கத்தையும் தூக்கிறதாத்தான் இருந்தது. அப்பிடி ஒரு வீடும் இல்லை எண்டு நீங்கள் சொன்னபடியா, தேவையில்லை எண்டு அழிச்சுப் போட்டம்."

அவர் குற்றம் சாட்டவில்லை. ஏன் மறைத்தாள் என்று அவளே சொன்னால் நன்றாயிருக்கும் என்பது போல அவளுடைய முகத்தையே பார்த்தார். மீட்டர் வாசிக்கிறவளுக்குக் கணக்கு மனதில் தானாக ஓடும். நாற்பத்திரண்டு யூனிட், எல்லாம் முப்பத்தைந்து ரூபாய்ப்படி, நிலையான கட்டணம் முந்நூறு. ஆயிரத்து எழுநூற்று எழுபது. பழைய பில்லையும் விட அறுபது ரூபாய் குறைவு. தங்கம்மா கோழி விற்றிருக்கத் தேவையில்லை. அண்ணன் கிணற்றடிக்குப் போயிருக்கத் தேவையில்லை. ஒரு 'ஓம்' போதும், அவ்வளவுதான். வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் போனபிறகு தங்கம்மா பக்கத்தில் வந்தாள். தலைவர் வேலியோரம் நின்று மெல்லிய குரலில் கதைத்ததை அவள் தூரத்திலிருந்து பார்த்திருந்தாள், கேட்கவில்லை.

"ஆக்கினை பண்ணுறாரோ? இலட்சுமி துக்கத்தில எல்லாத்தையும் உளறிப்போட்டாள்" என்று சுமித்திராவின் தோளைத் தடவினாள். "நீ ஒண்டுக்கும் கவலைப்படாத. அண்டைக்குக் கூட்டத்தில உன்னட்டக் கேட்டவங்களாமே, நீ வாய் திறக்கேல்லையாம். அதாலதான் பிள்ளை அஞ்சு மாசமாவது கொண்ணன் நல்ல தண்ணி குடிச்சான். அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்."

பந்தலுக்குள் பறை அடிக்கத் தொடங்கியது. தங்கம்மா பதிலுக்குக் காத்து நின்றாள்.

"ஓமக்கா" என்றாள் சுமித்திரா.